கிணறு 7

கம்பஸ் கடைசி வருடத்தில் எங்கள் நாலு பேருக்கும் சேர்த்து ஒரு ஆய்வுத் தலைப்புக் கிடைத்தது. மேற்பரப்பை மாற்றியமைத்த காபன் மின்வாய் ஒன்றைப் பாவித்து, கிணற்று நீரிலுள்ள ஈயத்தையும் கட்மியத்தையும் அளப்பது. வீட்டில் "என்ன ஆராய்ச்சி?" என்று கேட்டால் இவ்வளவையும் சொல்லிக்கொண்டிருக்க ஏலாது. "தண்ணிக்குள்ள ஈயம் இருக்கோ எண்டு பாக்கிறம்" என்று முடித்துவிடுவோம். அதைக் கேட்டவுடன் எல்லா வீட்டிலும் அடுத்ததாக வருவது ஒரே கதைதான்: "அப்ப எங்கட கிணத்தையும் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோவன்."

ஏன் கேட்கிறார்கள் என்று எங்களுக்கும் தெரியும். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. வழுக்கியாறும் மழைக்காலத்தோடு சரி. சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தேங்கி நிற்கும் மழைத் தண்ணியைத்தான் குடிக்கிறோம், அதையே தோட்டத்துக்கும் இறைக்கிறோம். சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்த விவகாரம் 2014, 2015 காலத்தில் ஊரையே உலுக்கியது. 2019 இல் உயர் நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்த பிறகும் அந்தப் பயம் முழுதாகப் போகவில்லை. எண்ணெய் என்றாலாவது மணக்கும், தண்ணிக்கு மேல் மினுங்கும். ஈயத்துக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, சுவையும் இல்லை.

எவ்வளவு ஈயம் இருந்தால் பயப்பட வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம். வீட்டுக்கு மேல் நிற்கிற ஆயிரம் லீற்றர் தாங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். அது நிறைந்த தண்ணியில் மொத்தமாக 10 மில்லிகிராம், அதாவது ஏறத்தாழ அரை அரிசிமணி எடையுள்ள ஈயம். அதுவும் பாதுகாப்பான அளவு என்று அர்த்தமில்லை. ஈயத்தில் இவ்வளவு வரை பயமில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் இதுவரை அறியப்படவில்லை. வளரும் பிள்ளைகளின் மூளையைத்தான் அது முதலில் பாதிக்கும்.

அந்த அரை அரிசிமணியை ஆயிரம் லீற்றருக்குள் தேடிப் பிடிக்கிற வேலைதான் எங்களுடையது.

இதற்குப் பெரிய கருவிகள் இருக்கின்றன. விலையும் பெரியது. ஒரு மாதிரியை அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். மின்வாய் வழி மலிவானது. ஆனால் அதற்குள்ளும் ஒரு பழைய சிக்கல் இருந்தது. 1922 இல் பிராகா நகரத்தில் ஹெய்ரோவ்ஸ்கி என்ற வேதியியலாளர், சொட்டுச் சொட்டாக விழும் இரசத்தை மின்வாயாகப் பாவித்து ஒரு புதிய பகுப்பாய்வு முறையைத் தொடங்கினார். அதற்காக 1959 இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஈயமும் கட்மியமும் இரசத்துக்குள் இலகுவாகக் கரைந்து சேரும் என்பதால், பல தசாப்தங்களாக இந்த வேலைக்கு இரசத்தை விஞ்ச எதுவும் இருக்கவில்லை. ஆனால் இரசமே நஞ்சு. மினமாட்டாவில் கடலில் கலந்த இரசம் மனிதரை என்ன செய்தது என்று உலகத்துக்குத் தெரியும். தண்ணியில் நஞ்சு தேடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு வாளி வாளியாக இரசக் கழிவை உண்டாக்குவது என்ன நியாயம்?

2000 ஆம் ஆண்டில் ஜோசப் வாங்கின் குழுவினர் இரசத்துக்குப் பதிலாகக் காபன் மின்வாயின் மேல் பிசுமத்தை மெல்லிய படலமாகப் படியவைத்துக் காட்டினார்கள். பிசுமத்தும் ஈயத்தோடு சேர்ந்து கலப்புலோகம் ஆகும். நச்சுத்தன்மையும் மிகக் குறைவு, வயிற்று மருந்துகளில்கூடச் சேர்க்கிறார்கள். எங்கள் ஆய்வு அந்த வழியில் வந்த ஒன்றுதான். நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

மின்வாயை நாங்களே செய்தோம். காரீயத் தூள் எழுபது பங்கு, பரபின் எண்ணெய் முப்பது பங்கு, கல்வத்தில் போட்டுக் களி மாதிரி வரும்வரை அரைத்து, ஊசி நுனியை வெட்டிய சிரிஞ்சுக்குள் அடைத்து, பின்பக்கத்தால் ஒரு செப்புக் கம்பி செருகினால் மின்வாய் தயார். காபன் களி மின்வாய் 1958 இலிருந்தே இருக்கிறது. போகல, கஹட்டகஹ சுரங்கங்களிலிருந்து உலகத்துக்கே காரீயம் அனுப்பிய நாட்டில் இருந்துகொண்டு இதைச் செய்கிறோம் என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை. காரீயத்துக்குள் ஈயமே இல்லை, அது தனிக் காபன். பெயரில் மட்டும்தான் ஈயம் என்று எங்களுக்குள் பகிடி வேறு.

வேலை செய்யும் விதத்தை விளக்க எங்களுக்குக் கிடைத்த நல்ல உதாரணம் உண்டியல். ஒரு நாளில் வரும் சில்லறையை எண்ணினால் ஒன்றும் தேறாது. வருடம் முழுக்கப் போட்டு, ஒரே நாளில் உடைத்து எண்ணினால் ஒரு தொகை தெரியும். அதே மாதிரித்தான். மாதிரி நீரைத் தாங்கற் கரைசலோடு முகவையில் எடுத்து, கொஞ்சம் பிசுமத்துக் கரைசல் விட்டு, மின்வாயை மறை 1.2 வோல்ற்றில் வைத்து இரண்டு நிமிடம் கலக்குவோம். பிசுமத்தும் ஈயமும் கட்மியமும் ஒன்றாக வந்து மின்வாயில் படியும். அது உண்டியலில் காசு போடுவது. பிறகு கலக்குவதை நிறுத்தி, தண்ணி அடங்க விட்டு, அழுத்தத்தை மெல்ல மெல்ல நேர்ப்பக்கம் கொண்டுவருவோம். ஒவ்வொரு உலோகமும் தனக்கென்று ஒரு இடத்தில் இலத்திரனை விட்டுவிட்டுத் தண்ணிக்குள் திரும்பிப் போகும். அந்த நேரம் மின்னோட்டம் ஒருதரம் எகிறி விழும். எங்கள் அமைப்பில் கட்மியத்துக்கு மறை 0.8க்குக் கிட்ட, ஈயத்துக்கு மறை 0.5க்குக் கிட்ட. திரையில் ஒரு சின்ன மலை மாதிரித் தெரியும். மலை உயர உயர ஈயம் கூட. தெரிந்த அளவு ஈயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மலை எவ்வளவு உயருகிறது என்று பார்த்தால், முதலில் எவ்வளவு இருந்தது என்று கணக்குப் போடலாம்.

முதல் இரண்டு மாதமும் எங்களுக்கு எல்லாத் தண்ணியிலும் ஈயம் இருந்தது. காய்ச்சி வடித்த தண்ணியிலும் இருந்தது. பிழை தண்ணியில் இல்லை, எங்கள் போத்தல்களில். இவ்வளவு சின்ன அளவை அளக்கும்போது கழுவாத கண்ணாடி, மேசைத் தூசு, மலிவான அமிலம் எல்லாமே ஈயம் கொண்டுவரும். போத்தல்களை ஐதான நைத்திரிக் அமிலத்தில் இரவு முழுக்க ஊறவைத்து, வடித்த தண்ணியால் திரும்பத் திரும்ப அலசி, கையுறை மாற்றி மாற்றி வேலை செய்து, கடைசியில் ஒரு பின்னேரம் வெறும் கரைசலில் மலை எழும்பவில்லை. திரையில் தட்டையான கோடு. நாங்கள் கன்ரீனுக்குப் போய்ப் பிளேன்ரீ குடித்துக் கொண்டாடினோம். லீற்றருக்கு 2 மைக்கிரோகிராம் வரை எங்களால் நம்பிச் சொல்ல முடியும் என்று கணக்கும் வந்தது.

அந்தத் தட்டைக் கோடு தந்த துணிச்சலில்தான் கிணறுகளுக்குப் போனோம்.

பத்துக் கிணறுகள். ஏழாவது, எங்களில் ஒருத்தியின் மாமி வீட்டுக் கிணறு. போன அன்று விடியற்காலை நல்ல மழை. கிணற்றுக் கட்டு பாசி பிடித்து வழுக்கியது. "மழைக்குள்ள ஏன் நிக்கிறியள், அதே தண்ணிதானே மோட்டரில மேல ஏறி பைப்பால வருது" என்று மாமி சொன்னா. ஆறு மணி இருக்கும். குசினிப் பைப்பைத் திறந்து போத்தலை நிரப்பி, அமிலம் விட்டு, 'கிணறு 7' என்று எழுதி ஒட்டினோம். மாமி தந்த தேத்தண்ணியையும் குடித்துவிட்டு வந்தோம்.

ஒன்பது கிணறுகளில் எங்கள் எல்லைக்கு மேல் ஈயம் இல்லை. ஏழாவதில் மலை எழும்பியது. திரும்பச் செய்தோம். திரும்பவும் எழும்பியது. நியமக் கரைசலைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் 24. வெறும் கரைசலை ஓடவிட்டுப் பார்த்தால் தட்டை. ஆகவே இது எங்கள் போத்தல் ஈயம் இல்லை, உண்மையான ஈயம்.

உள்ளதைச் சொன்னால், முதலில் வந்தது சந்தோசம். இத்தனை மாதம் செய்த கருவி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டது என்ற சந்தோசம். அதற்குப் பிறகுதான் மாமி வீட்டில் இரண்டு பேரப்பிள்ளைகள் இருக்கிற நினைவு வந்தது. அன்றிரவே வட்சப்பில் சொல்லிவிட்டோம்: "மாமி, உங்கட கிணத்துத் தண்ணியில ஈயம் கூடவா இருக்கு. குடிக்காதைங்கோ."

மாமிக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. "முந்தி ஈயம் பூசின பாத்திரத்திலதானே நாங்கள் எல்லாம் சமைச்சுச் சாப்பிட்டனாங்கள்?" என்று கேட்டா. பாத்திரத்துக்குப் பூசுகிறது வெள்ளீயம், அது வேற உலோகம் என்று விளங்கப்படுத்தினோம். "கொதிக்க வைச்சுக் குடிச்சாச் சரியோ?" இல்லை, தண்ணிதான் ஆவியாகும், ஈயம் அப்படியே நிற்கும் என்று சொன்னோம். எல்லாம் சரியான பதில்கள்தான். அதுதான் வேடிக்கை.

அந்தக் கிணற்றில் மாமி வீட்டார் மட்டும் அள்ளுவதில்லை. ஒழுங்கைக்கு அங்கால் இருக்கிற அக்கா ஒருவரும் அள்ளுகிறவர். அவர்கள் காணியில் கிணறு இல்லை. விடிய நாலு மணிக்கு வாளியால் அள்ளிக்கொண்டு போய் இடியப்பம் அவித்து இரண்டு கடைகளுக்குக் கொடுப்பதுதான் அவர்களின் வருமானம். மாமி அடுத்தநாள் விடியவே எழும்பி நின்று, "பிள்ளை, இனி இதில அள்ளாத, தண்ணி சரியில்லையாம்" என்று சொல்லியிருக்கிறா. நல்ல மனதோடுதான் சொன்னா.

ஆனால் யாழ்ப்பாணத்தில் 'இந்தக் கிணத்தில அள்ளாத' என்ற சொல்லுக்கு ஒரு நீண்ட கதை இருக்கிறது. சாதியைச் சொல்லிக் கிணற்றுக் கட்டில் கால் வைக்க விடாமல், யாராவது அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்து நிற்க வைத்த ஊர்கள் இவை. அந்த அக்காவின் அம்மம்மா அப்படி நின்றவர். அது எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது. மாமி வீட்டில் அதே கிணற்றுத் தண்ணியில் குளிப்பதும் உடுப்புத் தோய்ப்பதும் ஒழுங்கையிலிருந்து பார்த்தால் தெரியும். "ஈயமாம்" என்ற சொல்லை அந்த அக்கா எப்படி விளங்கியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். அதோடு எங்கள் வட்சப் செய்தி குடும்பக் குழுவுக்குப் போய், அங்கிருந்து ஊர்க் குழுவுக்கும் போய்விட்டது. இரண்டு கடைகளில் ஒன்று, "உந்தத் தண்ணியில அவிச்ச இடியப்பமோ?" என்று கேட்டு எடுப்பதை நிறுத்திவிட்டது.

இது ஒன்றும் தெரியாமல் நாங்கள் மெடமிடம் வரைபுகளைக் கொண்டுபோனோம். எங்களை மேற்பார்வை செய்கிறவர் அவர். ஏழாவது வரைபைக் கனநேரம் பார்த்தார். "நல்ல உச்சம். எங்க எடுத்த தண்ணி?"

"மாமி வீட்டுக் கிணறு."

"கிணத்துக்கயோ?"

நாங்கள் ஆளை ஆள் பார்த்தோம். "இல்லை மெடம். குசினிப் பைப்பால."

"எத்தனை மணிக்கு? அதுக்கு முதல் ஆரும் பைப்பைத் திறந்தவையோ? என்ன பைப், எப்ப பூட்டினது?"

எங்களிடம் ஒன்றுக்கும் பதில் இல்லை. அவர் ஏசவில்லை. "மின்வாய் பொய் சொல்லேல்ல, போத்தல்ல நீங்கள் எழுதினதுதான் பொய்" என்று மட்டும் சொன்னார்.

அன்று பின்னேரமே மாமியிடம் கேட்டோம். குசினிப் பைப் மூன்று மாதத்துக்கு முதல் பூட்டிய புதுப் பித்தளைப் பைப். பித்தளையைக் கடைய இலகுவாக இருக்கட்டும் என்று அதில் கொஞ்சம் ஈயம் சேர்ப்பது வழக்கம். இரவு முழுக்கப் பூட்டிக் கிடந்தால், உள்ளே நிற்கிற தண்ணியில் அது கரையும். விடியத் திறந்தவுடன் வரும் முதல் தண்ணியில் அதிகமாக இருக்கும். அமெரிக்காவில் ஃபிளின்ற் நகரத்தில் 2014 இல் நடந்ததும் இந்த இனம்தான். ஆற்றில் ஈயம் இருக்கவில்லை. புதிதாக மாற்றிய ஆற்றுத் தண்ணி அரிப்புத் தடுப்புப் போடாமல் ஓடியதால், வழியிலிருந்த பழைய குழாய்களிலிருந்து ஈயத்தைக் கரைத்துக்கொண்டு வீடுகளுக்குள் வந்தது. இதை நாங்கள் வகுப்பில் படித்து, சோதனையில் எழுதி, புள்ளியும் வாங்கியிருந்தோம்.

அடுத்த நாள் விடிய ஐந்தரைக்குப் போனோம். பைப்பை ஒருவரும் திறக்க வேண்டாம் என்று இரவே சொல்லிவைத்திருந்தோம். திறந்தவுடன் வந்த தண்ணி ஒரு போத்தல். ஒரு நிமிடம் ஓடவிட்டு ஒன்று. ஐந்து நிமிடம் ஓடவிட்டு ஒன்று. பிறகு கிணற்றுக்குள் வாளி விட்டு மூன்று. ஒவ்வொரு போத்தலிலும் இடம், நேரம், யார் எடுத்தது, அதற்கு முதல் தண்ணி எவ்வளவு நேரம் நின்றது எல்லாம் எழுதினோம்.

முதல் போத்தல் 27. ஒரு நிமிடத்துக்குப் பிறகு 5. ஐந்து நிமிடத்துக்குப் பிறகு எங்கள் எல்லையான 2க்குக் கீழ். வாளித் தண்ணி மூன்றும் 2க்குக் கீழ். எங்கள் கருவியை மட்டும் நம்பாமல் அதே மாதிரிகளை வேறொரு ஆய்வுகூடத்துக்கும் அனுப்பினோம். அங்கே வேறு முறையில் பார்த்தும் அதே கதைதான் வந்தது.

கிணற்றில் பிரச்சினை இருக்கவில்லை. குசினியில்தான் இருந்தது.

மாமிக்குச் சொல்வது இலகுவாக இருந்தது. பைப்பை மாற்றச் சொன்னோம். மாற்றும்வரை விடிய முதல் வரும் தண்ணியைப் பூக்கண்டுக்கு ஊற்றச் சொன்னோம். ஒழுங்கைக்கு அங்கால் போவதுதான் கஷ்டமாக இருந்தது. நாலு பேரும் வரைபுகளை அச்சடித்து எடுத்துக்கொண்டு போனோம். மாமியும் வந்தா. அந்த அக்கா எங்களை இருக்கச் சொன்னார். தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்கவில்லை.

பிழை எங்களுடையது என்று முதலில் சொன்னோம். பிறகு மலைகளைக் காட்டினோம், தட்டைக் கோட்டைக் காட்டினோம். அவர் கவனமாகப் பார்த்தார்.

"அப்ப கிணத்துக்க ஈயம் இல்லையோ?"

இந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல எங்களுக்கு ஆசையாக இருந்தது. ஆனால் முதல் பிழையும் ஒரு சொல்லில்தான் நடந்தது. "அக்கா, எங்கட மிஷினால 2க்குக் கீழ இருந்தாக் காண ஏலாது. பத்துத்தான் சொல்லியிருக்கிற அளவு. இது அதைவிட நல்லாக் குறைவு. நாங்களே குடிப்பம்" என்று சொன்னோம்.

அவர் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "நாங்கள் ஒரு நாளும் பைப்பில பிடிக்கேல்லையே தம்பி. வாளியாலதானே அள்ளுறனாங்கள்."

அதை நாங்கள் அதுவரை யோசிக்கவில்லை. குசினிக்குள் இருந்த பைப்புக்கு அவர் ஒருநாளும் வந்ததில்லை. அள்ள வேண்டாம் என்று நிறுத்திய அந்த ஒரு வீட்டார்தான் ஆரம்பத்திலிருந்தே ஈயம் கலக்காத தண்ணியைக் குடித்தவர்கள். இடியப்பமும் அந்தத் தண்ணியில்தான் அவிந்தது.

கடைக்காரரிடமும் நாங்களே போனோம். வட்சப் குழுவில் திருத்தம் போட்டோம். முதல் செய்தி ஓடிய வேகத்தில் திருத்தம் ஓடவில்லை. கடை மூன்று கிழமை கழித்துத்தான் திரும்ப எடுக்கத் தொடங்கியது. அந்த மூன்று கிழமை வருமானத்தை எந்த வரைபாலும் திருப்பிக் கொடுக்க ஏலாது.

எங்கள் ஆய்வறிக்கையில் மின்வாயின் உணர்திறன், கண்டறியும் எல்லை, மீள்தன்மை எல்லாவற்றுக்கும் அட்டவணை இருக்கிறது. மாதிரி எடுத்த விதத்துக்கு முதலில் இரண்டு வரி ஒதுக்கியிருந்தோம். கடைசியில் அது நாலு பக்கமாகியது. மெடம் அதில் ஒரு வரியையும் வெட்டவில்லை. இப்போது யாராவது தங்கள் கிணற்றைப் பார்த்துச் சொல்லுங்கோ என்று கேட்டால், முதலில் நாங்கள் கேட்பது, "நீங்கள் எப்பிடி அள்ளுறனீங்கள்? எதில பிடிச்சுக் குடிக்கிறனீங்கள்? வேற ஆர் ஆர் இதில அள்ளுகினம்?" என்பதுதான். முடிவு வந்தால் அள்ளுகிற எல்லாரையும் ஒன்றாக வைத்துத்தான் சொல்வோம், வட்சப்பில் சொல்ல மாட்டோம்.

நீங்கள் யாரும் புதிதாகப் பித்தளைப் பைப் பூட்டியிருந்தால், விடிய வரும் முதல் தண்ணியைக் குடிக்காமல் விடுங்கள். அதற்கு மின்வாய் ஒன்றும் தேவையில்லை.

அந்த அக்கா இப்போது திரும்பவும் விடிய நாலு மணிக்கு வாளியோடு வருகிறார். ஆனால் அள்ளி முடிந்ததும் குசினி வாசலில் நின்று கதைக்கிறது முன்னைப்போல இல்லை என்று மாமி சொன்னா.